இருளாயியின் பால்மர மருந்து

மலேசியாவில் பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டிய இருளாயி, 1979இல் கணவன் உடையப்பனோடு ஈப்போ நகரத்துச் சிலிபினுக்குக் குடிவந்தபோது, ஒரு டப்பா பால்மர மருந்தையும் துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். கிழட்டு மரத்தின் பட்டையைச் சுரண்டி அதைப் பூசினால் கொஞ்ச நாளிலேயே பால் கொட்டோ கொட்டென்று கொட்டும். அப்படிப்பட்ட சரக்கை விட்டுவர அவளுக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆமினாவின் வாசல் முழுக்கக் காகிதப்பூச் சட்டிகள். பாலாய் ராயாப் பொதுமண்டபத்தில் இன்னும் இரண்டு மாதத்தில் பூச்சட்டிப் போட்டி என்று அவள்தான் வந்து சொன்னாள்.

"நீங்களும் சேருங்கக்கா, சும்மா வேடிக்கைக்குத்தான்லா."

வேடிக்கைக்கென்று எதையும் செய்து இருளாயிக்குப் பழக்கமில்லை. பாலைக் கொட்டவைக்கும் மருந்து பூவைக் கொட்டவைக்காதா? அன்றைக்கே வாளித் தண்ணீரில் கலக்கி, ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ என்று ஒன்பது சட்டிக்கும் தலையோடு ஊற்றினாள். மிஞ்சியதை வீணாக்காமல், பெயிண்ட் டின்னில் சும்மா நின்ற அன்னாசியின் குருத்தில் கவிழ்த்தாள்.

பூ கொட்டத்தான் செய்தது. நாலாம் நாள் மொட்டெல்லாம் தரையில். அடுத்த வாரம் இலையும். அப்புறம் ஒன்பது சட்டியிலும் வெறும் குச்சி.

உடையப்பன் சுற்றிவந்து பார்த்தான். "வெளக்குமாத்துப் போட்டி வச்சா மொதப் பரிசு நமக்குத்தான்."

எல்லாம் ஆமினாவின் கண்ணேறு என்று முடிவுகட்டி, மூன்று நாள் இருளாயி அவளோடு பேசவில்லை. ஆமினாவோ தன் சட்டிகளில் நல்லதாக ஒன்றைத் தூக்கிவந்து, "இத ஒங்க பேர்ல வைங்கக்கா" என்றாள். இருளாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மருந்துக் கதையைக் கொட்டிவிட்டாள். ஆமினா சிரித்த சிரிப்பில் சட்டி கைதவறப் பார்த்தது.

ஆறாம் வாரம் அன்னாசியின் நடுக்குருத்து சிவந்து, ஊதாப் பூவோடு எழும்பியது. இருளாயி அதையே போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இது பழச்செடிம்மா" என்றார் நடுவராக வந்திருந்த விவசாய அதிகாரி பழனியப்பன்.

"பூக்காம பழம் எங்கேருந்து சார் வரும்?"

அவர் விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். "அந்த மருந்து மத்த செடிய மூப்படைய வச்சு உதிர்த்துடும். அன்னாசிய மட்டும் பூக்க வைக்கும்."

"இத டப்பாவுல எழுதக்கூடாதா?"

"எழுதியிருக்கும். இங்கிலீஷ்ல."

பரிசு ஆமினாவுக்குப் போனது. ஆனால் அங்கே வந்திருந்த ஒரு சீன மளிகைக்கடை முதலாளி அன்னாசியை விட்டு நகரவில்லை. "ஓங் லாய்! ஓங் லாய்!" என்று குதித்தார். அவர்கள் பேச்சில் அன்னாசியின் பெயரும் அதிர்ஷ்டம் வருவதும் ஒரே சத்தமாம். சீனப் பெருநாளுக்குக் கடைவாசலில் வைக்க இதுபோல் ஆறு வேண்டும் என்றார்.

பழனியப்பனிடம் சரியான அளவைக் கேட்டுக்கொண்டு, இருளாயி அன்னாசியில் இறங்கினாள். ஐந்து வருடத்தில் கொல்லை முழுக்க டின்கள். சீனப் பெருநாள் வருடாவருடம் தேதி மாறுவதால், எந்த வாரம் மருந்து ஊற்றுவது என்று பார்க்க, ஓரெழுத்தும் புரியாத சீன நாள்காட்டியைச் சமையலறையில் மாட்டியிருந்தாள். ஒரு வருடம் கணக்குத் தப்பி, பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்துப் பூத்தது. ஊரார் தவுக்கே என்று கூப்பிடும் அந்த முதலாளி வந்து சத்தம் போட்டார்.

இருளாயி அசரவில்லை. "அதிர்ஷ்டம் கொஞ்சம் மெதுவாத்தான் வரும் தவுக்கே. வந்துட்டுதுல்ல? தூக்கிட்டுப் போங்க."

அவர் இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார்.