மாப்பிள்ளை உடைத்த வீல் போல்ட்டுகள்

பதினான்கு வருடங்களாக நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் நடத்துகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில், ஒரு கோழிப்பண்ணைக்கு எதிரே இருக்கிறது கல்லூரி. காற்று திசை மாறினால் வாத்தியாரும் மாணவர்களும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்துவோம். மற்றபடி எங்களுக்குள் ஒற்றுமை குறைவு. முறுக்குவிசை பற்றி நான் எடுக்கும் பாடம் மிகவும் பிரபலமானது. அப்படி நானே பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பதினான்கு வருடங்களில் என் கையால் ஒரு நட்டைக் கழற்றியதில்லை என்பதை மட்டும் எங்கும் சொன்னதில்லை. கார் பஞ்சரானால் ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் செய்வேன்.

மாமனாருக்குச் சங்ககிரியில் ஐந்து லாரிகள். பொங்கலுக்குப் போயிருந்தபோது, அவருடைய பழைய டிரைவர் ஒருவர் சக்கரம் கழற்றுவதைப் பார்த்தேன். ஐம்பது வயது தாண்டியவர். வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் கைப்பிடியில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பைப்பைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்தார். நட்டு அசையவில்லை. பைப் நழுவியது. மனிதர் தரையில் உட்கார்ந்த வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. அறிவியல் இவ்வளவு வளர்ந்த காலத்தில் ஒரு மனிதன் நட்டுக்காகக் குதிப்பதா? கோயம்புத்தூரில் சொல்லி ஒரு டார்க் மல்டிப்ளையர் வாங்கினேன். பார்ப்பதற்குக் குட்டைக் குழாய் போல இருக்கும். உள்ளே பல்சக்கரங்கள். ஒரு முனையை நட்டில் மாட்டி, அதன் தாங்குகாலைப் பக்கத்து நட்டில் முட்டுக்கொடுத்துவிட்டு, மறுமுனையில் உள்ள கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நாம் ஐம்பது சுற்றுக்கு மேல் சுற்றினால் நட்டு ஒரு சுற்று திரும்பும். நம் பலமும் அதே கணக்கில் பெருகும். குதிக்க வேண்டாம், குழந்தைகூடக் கழற்றலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மாமனாரின் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். நான் வருவதாக அவர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் பக்கத்து ஷெட்டுகளிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. உட்காராமல் நின்றுகொண்டே இருபது நிமிடம் விளக்கினேன். நெம்புகோல், பல்சக்கர விகிதம், உராய்வு எல்லாம் வந்தன. இடையில் ஒருவர் பீடி பற்றவைக்க வெளியே போனார். என் வகுப்பில் அந்த வசதி கிடையாது.

ஒரு லாரியின் இடது பக்கப் பின்சக்கரத்தில் டயர் மாற்ற வேண்டியிருந்தது. கருவியை மாட்டினேன். இடுப்பு தேறி வந்திருந்த அந்த டிரைவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"சார், அது வந்துங்க..."

"நீ சும்மா இருப்பா," என்றார் மாமனார். "மாப்ள படிச்சவரு. செய்யட்டும்."

டிரைவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

நட்டைக் கழற்ற வேண்டுமானால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இதை அறியாதவர் உண்டா? சுற்றினேன். காப்பிக்கொட்டை அரைப்பதுபோல அவ்வளவு லேசாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சற்றுக் கனத்தது. துருதான் என்று இன்னும் அழுத்திச் சுற்றினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். கருவி நட்டோடு கழன்று என் ஷூவின் மேல் விழுந்தது.

"வந்துருச்சு பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

திரும்பி வந்திருந்த பீடிக்காரர் மட்டும் கை தட்டினார். மற்றவர்கள் சக்கரத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நட்டு இருந்த இடத்தில் போல்ட்டின் முனை இல்லை. அது என் ஷூவின் மேல் கிடந்த நட்டுக்குள்ளேயே, முறிந்த கரும்பு போல வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

பதினான்கு வருட அனுபவம் கைகொடுக்கும் நேரம் இதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

"வருஷக்கணக்கா பைப் மேல ஏறிக் குதிச்சிருக்கீங்க. இந்த போல்ட் ஏற்கனவே பாதி ஒடஞ்சுதான் இருந்திருக்கு. உலோகத்துக்கும் களைப்பு உண்டு."

"மனுசனுக்கும் உண்டுங்க," என்றார் டிரைவர்.

மாமனார் அவரை முறைத்தார். பிறகு என்னிடம் பணிவாக, "அடுத்ததப் பாருங்க மாப்ள," என்றார்.

அடுத்ததைப் பார்த்தேன். அதே திசை, அதே லேசு, அதே 'டொக்'. இந்த முறை காலை முன்பே நகர்த்தி வைத்திருந்தேன். அனுபவம் என்பது அதுதானே.

அந்த நேரத்தில் என் மனைவி டீ பிளாஸ்க்கோடு ஷெட்டுக்குள் வந்தாள். லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவள். சக்கரத்தை ஒரு பார்வை, என் கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏனுங்க, அது எடது பக்கத்து வீலு. தலகீழ் மரையில்லீங்களா? நீங்க கழட்டல, இறுக்கிட்டிருக்கீங்க."

டிரைவர் குனிந்து, மூன்றாவது நட்டின் முகத்தில் படிந்திருந்த மசியைக் கட்டைவிரலால் துடைத்தார். ஆங்கில எழுத்து L தெளிவாகத் தெரிந்தது.

இது எனக்குத் தெரியாத விஷயம் என்றால்கூடப் பரவாயில்லை. பழைய லாரிகளில், ஓடுகிற ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, இடது பக்கத்துக்கு எதிர்மரை, அதாவது கடிகாரத் திசையில் சுற்றினால் கழலும் மரை, போட்டிருப்பார்கள். என் பாடத்தில் ஏழாவது படமே அதுதான். இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதாதவர்களைத் திட்டியிருக்கிறேன்.

"சாமி, மாப்ளகிட்ட அப்பிடிப் பேசக் கூடாது," என்று மாமனார் மகளைக் கண்டித்தார்.

"நான் பேசுனதுல மூணாவது போல்ட்டு தப்பிச்சுதுங்கப்பா," என்று அவள் டீயை ஊற்றினாள்.

மீதியைக் கழற்றிய பிறகுதான் முறிந்த இரண்டையும் சம்மட்டியால் அடித்து வெளியே எடுக்க முடியும் என்றார் டிரைவர். புதிது போட மதியம் ஆகிவிட்டது. அதுவரை நானும் அங்கேயே நின்றேன். போவதற்கு முகமில்லை. ஆட்கள் கலைந்த பிறகு அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமில்ல?"

"தெரியுமுங்க சார்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தனுங்க. மொதலாளி சும்மா இருன்னுட்டாருங்க. செரி, போறது போல்ட்டு தானேன்னு இருந்துட்டனுங்க."

அவர் கருவியைச் சரியான திசையில் வைத்துச் சுற்றினார். மீதி எட்டு நட்டுகளும் மறுப்புச் சொல்லாமல் கழன்றன. இடுப்பை ஒரு முறைகூடப் பிடித்துக்கொள்ளவில்லை. "நல்ல சாமானுங்க சார் இது," என்றார். அதில் கேலி இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. அது இன்னும் வலித்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நாட்டுக்கோழிக் குழம்பு. எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது.

"மாமா, நாப்பது வருஷமா லாரி வெச்சிருக்கீங்க. எடது பக்கம் தலகீழ் மரைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாப்ள."

"நான் மொதல் சுத்து சுத்துனப்பவே தெரிஞ்சுதா?"

"நீங்க கை வெச்சப்பவே தெரிஞ்சுதுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் ஒரு பெரிய துண்டாகப் பார்த்து என் இலையில் வைத்தார். "நாலு பேரு பாக்கறப்ப மாப்ளையத் தப்புன்னு சொல்றதுங்களா? போல்ட்டு கடையில கெடைக்குதுங்க."

"எத்தன போல்ட்டு வரைக்கும் பேசாம இருந்திருப்பீங்க?"

கேள்வியை அவர் உண்மையாகவே யோசித்தார்.

"ஒரு வீலுக்குப் பத்து தானுங்களே மாப்ள."

அடுத்த நாள் வகுப்பில் அதே பாடம். இரவெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இத்தனை வருடத்தில் ஒரு மாணவன்கூட என்னிடம் "தப்பு சார்" என்று சொன்னதில்லை. நான் அதை என் திறமை என்று நினைத்திருந்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்று பலகையில் சூத்திரத்தை வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். விகிதத்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால், நம் பலத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வதற்காகவே அந்தக் கருவியை விலை கொடுத்து வாங்குகிறோம்.

அறுபது பேரும் குனிந்து எழுதினார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் நிமிர்ந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து எழுதினாள். அவளை எழுப்பினேன்.

"போர்டுல இருக்கறது தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"ஏம்மா சொல்லல?"

அவள் பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்: "இன்டர்னல் மார்க் உங்ககிட்டத்தான சார் இருக்கு."

உட்காரச் சொன்னேன். அழித்துவிட்டுச் சரியாக எழுதினேன். அறுபது பேரும் ஸ்கேல் வைத்துப் பழையதன் மேல் நேராக ஒரு கோடு அடித்துவிட்டு, புதியதை அதன் கீழே எழுதிக்கொண்டார்கள். எதற்காக அடித்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.