அவசரத்துக்கு வைத்த புட்டி

உட்காருமுன் ஆர்லீன் தோர்சன் நாற்காலியை இரு கைகளாலும் ஆட்டிப் பார்ப்பார். பிறகு எல்லோருடைய காபிக் கோப்பைகளையும் மேசை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளுவார். வேலை காப்பீட்டு அலுவலகத்தில். எங்கள் விஸ்கான்சினில் எரிந்துபோகும் மாட்டுக்கொட்டகைகளுக்கு இழப்பீடு மதிப்பிடுபவர். கோடையிலும் காரில் பனி அள்ளும் மண்வெட்டி இருக்கும். கேட்டால், "ஜூலையில பனி பெய்யாதுன்னு எழுதிக் குடுப்பியா?" என்பார்.

இதே பெண்மணிதான், சனிக்கிழமை மதியம் கர்ட்டின் விளையாட்டுக் கடைப் பின்னறையில் நாங்கள் கூடியதும், சூனியக்காரியாகிக் கோணல் தடியைக் கையில் எடுப்பவர். பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு அது; கதையை நடத்துவது கர்ட். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். தடியைத் தட்டினால் என்ன ஆகும் என்பது ஆர்லீனுக்கே தெரியாது. பகடையில் விழும் எண்ணுக்கு நேராகக் கர்ட்டின் அட்டவணையில் இருப்பது நடக்கும். நெருப்பு வரலாம், தவளை மழையும் வரலாம். ஒருமுறை டிராகனைக் குறிவைத்துத் தட்டினார். எங்களில் ஒருவரான ரஸ்ஸின் பாத்திரம், குள்ளவீரன், பாலாடைக்கட்டி ஆனான். டிராகன் அவனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அது வெற்றியா தோல்வியா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.

நிச்சயமாகப் பலிக்கும் பொருளும் அவர் பையில் ஒன்று உண்டு: சாகக் கிடப்பவரை எழுப்பும் மருந்துப் புட்டி. வருடக்கணக்காக மூடி திறக்கவில்லை. "அது அவசரத்துக்கு."

போன வாரம் பாலத்தடிப் பூதம் அடித்த அடியில் குள்ளவீரன் சாய்ந்தான். ரஸ் தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆடிவரும் பாத்திரம். அவன் தாடிக்குத் தனிப்பெயர்கூட வைத்திருக்கிறார். ஆர்லீனின் முறை முடிவதற்குள் எழுப்பாவிட்டால் அவன் கதை முடிந்தது.

"ஆர்லீன், புட்டியை ஊத்து."

"அப்புறம் அவசரம்னு ஒண்ணு வந்தா?"

"இதுக்குப் பேரு என்ன தாயே, பிக்னிக்கா?"

"அடுத்த கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா ரஸ்?"

தடியைத் தட்டினார். பகடை உருண்டது. கர்ட் அட்டவணையைப் படித்தார்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"உன் பையில இருக்கிற திரவம் எல்லாம் பாலாயிடுச்சு."

ரஸ் தன் குள்ளவீரன் பொம்மையை மேசைமேல் மெதுவாகப் படுக்கவைத்தார்.

"கர்ட், என் முறையில இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கியிருக்குல்ல? பாலை அவன் வாயில ஊத்துறேன்."

"பால் எதுக்கு?"

"வச்சிருந்தா கெட்டுப் போயிடும்."

கர்ட் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பாலைப் பற்றி அதில் எதுவும் இல்லை. "சரி, இருபது முகப் பகடையில பதினஞ்சுக்கு மேல விழணும். ரஸ், நீயே போடு."

பதினாறு விழுந்தது. குள்ளவீரன் இருமினான்.

ரஸ் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்தை ஊத்தியிருந்தா பேசாம எழுந்திருப்பான். இப்ப நான் உனக்கு நன்றி சொல்லணுமா, திட்டணுமா? ஒண்ணும் புரியல."

ஆர்லீன் தன் பாத்திரத்தின் பொருள்பட்டியல் தாளை எடுத்தார். அதில் 'மருந்து' என்றிருந்ததை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, அதே இடத்தில் எழுதினார்: 'பால், பாதிப் புட்டி. அவசரத்துக்கு.'