ஒரு லட்சமாவது கேட் பாஸ்

"இந்த வருஷம் நீங்க என்ன பண்ணீங்க குமரேசன்? ஃபார்ம்ல ஒண்ணுமே இல்லையே."

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியின் மீட்டிங் ரூமில் மேனேஜர் ரகுராமன் இப்படித்தான் ஆரம்பித்தார். நான் அங்கே பதினாறு வருடமாக டெவலப்பர். நசரத்பேட்டை பக்கம் உள்ள ஒரு பெரிய குடோனில் வண்டிகளுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுக்கும் புரோகிராம் என் பொறுப்பு. அந்த வருடம் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதைச் சொன்னேன்.

"அதான் பிரச்சினையே. கம்ப்ளெயின்ட் வரலன்னா கிளையன்ட்டுக்கு உங்கள எப்படித் தெரியும்? பிரவீனப் பாருங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி அவன் மாட்யூல் விழுது, ரெண்டு வாட்டியும் அவனே தூக்கி நிறுத்துறான். கிளையன்ட் அவன் பேர் போட்டு மெயில் அனுப்புறாங்க."

பிரவீனுக்கு ரேட்டிங் ஐந்துக்கு ஐந்து, மேடையில் ஒரு கண்ணாடிக் கேடயம். எனக்கு இரண்டு. தொடர்ந்து இரண்டு முறை இரண்டு வாங்கினால் எச்.ஆரில் கூப்பிட்டு அன்பாகப் பேசுவார்கள். அப்படி அன்பாகப் பேசப்பட்ட யாரையும் நான் அதன்பிறகு கேன்டீனில் பார்த்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில் புது இடத்தில் இன்டர்வியூவுக்குப் போய் உட்கார எனக்குத் தைரியமும் இல்லை. பயந்துவிட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஃபார்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும்: சாதனை, கற்ற பாடம், அடுத்த ஆண்டு இலக்கு. இலக்குக் கட்டத்தில் ஆறு வருடமாக நான் "கிளவுட் கற்றுக்கொள்வேன்" என்றே எழுதி வந்தேன். ரகுராமனும் சளைத்தவர் இல்லை. ஆறு வருடமாக அதன் கீழே "நல்ல முன்னேற்றம். இதே போல் தொடரவும்" என்றே போட்டு வந்தார். எனக்கு இரண்டு கொடுத்த வருடமும் அதே வரிதான்.

பழுது ஒன்று வளர்த்தேன்

மீட்டிங் முடிந்த இரண்டாவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கேட் பாஸ் நம்பருக்கு டேட்டாபேஸில் ஐந்து இலக்கம்தான் இடம் இருந்தது. நம்பர் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. 99,999 முடிந்தால் அடுத்த பாஸ் அடிக்காது. பாஸில் உள்ள பார்கோடு இல்லாமல் குடோன் கேட் திறக்காது.

ஒரே மதியத்தில் சரிசெய்துவிட்டேன். டெஸ்டும் ஓட்டிப் பார்த்தாயிற்று. சர்வரில் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது பிரவீனின் கண்ணாடிக் கேடயம் கண்ணில் பட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதன்பிறகு இரண்டு மாதம், சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல நான் தினமும் காலையில் கேட் பாஸ் நம்பரைப் பார்த்தேன். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு சிரத்தையாக எதையும் கண்காணித்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நம்பர் தீர்ந்தது. ஒரு லட்சமாவது பாஸ் அடிக்கவில்லை. போன்கள் அலறின. நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த சுருக்கம் அது. ரகுராமன் ஓடி வந்தார்.

"குமரேசன், நீங்க நேர்லயே போயிடுங்க. நம்ம ஆளு களத்துல இருக்கான்னு கிளையன்ட் பாக்கணும்."

இருந்த இடத்திலிருந்தே இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில்

பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு உள்பக்கம் வரிசையாக வண்டிகள். முதலாவதாக ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. ஐம்பது வயது டிரைவர், வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இன்னா சார், கம்ப்யூட்டரு பூட்ச்சாமே? நீதான் ரிப்பேர் பண்ண வந்துகிறியா?"

"ஆமாண்ணே. என்ன அவசரம்?"

"நெமிலிச்சேரில பொண்ணுக்கு வளகாப்பு சார். பன்னண்டுக்குள்ள நல்ல நேரம். வளையல் வாங்கிக்கினு அப்டியே ஒரு லோடு எறக்கிட்டு பூடலாம்னு வந்தேன். மாட்டிக்கினேன். வண்டிய உட்டுட்டு போலாம்னா பின்னால கீற வண்டிக்காரன்லாம் சண்டைக்கு வர்றான்."

கேபின் சீட்டில் செய்தித்தாள் சுற்றிய வளையல் கட்டுகள் இருந்தன. வெளிவட்டச் சாலை பிடித்தால் அரை மணி நேரத்தில் நெமிலிச்சேரி. அப்போதே நான் பட்டனைத் தட்டியிருந்தால் அவர் போயிருப்பார்.

உள்ளே குடோன் மேனேஜர் எனக்காகவே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். ரகுராமனும் அவருடைய மேலதிகாரிகள் இருவரும் வீடியோ காலில் முகம் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் சரிசெய்தால், இதை ஆபீஸிலிருந்தே செய்திருக்கலாமே என்று கேட்பார்கள். அதனால் லாக் ஃபைலைத் திறந்து மேலும் கீழும் உருட்டினேன். மூல காரணம் தேடுவதாக "ரூட் காஸ்" என்று நான்கு தடவை சொன்னேன். மூன்று பேரும் நான்கு தடவையும் தலையாட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

பன்னிரண்டு இருபதுக்குப் பாஸ் அடித்தது. உள்ளே கைதட்டினார்கள்.

வெளியே வந்தபோது ஏழுமலை என்னிடம் வந்தார்.

"டயம் பூட்ச்சு சார். ஊட்டுல ஆரம்பிச்சிட்டாங்களாம். அப்பங்காரன் இல்லாம."

நான் பைக் சாவியைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னா பண்ணுவ. நீ வந்ததால இப்பயாச்சும் உட்டானுங்க, இல்லன்னா பொழுது சாயிற வரிக்கும் நின்னுகினு இருப்போம். நல்லா இருக்கணும் சார் நீ. இந்தா, ஊட்டுல குடு." ஒரு கட்டைப் பிரித்து ஆறு கண்ணாடி வளையல்களை என் கையில் வைத்தார்.

அந்த வருடம் எனக்கு ஐந்துக்கு ஐந்து. குடோனிலிருந்து என் பெயர் போட்டு மெயில் வந்தது. கேடயத்தில் "நெருக்கடி நாயகன்" என்று பொறித்திருந்தார்கள். வளையல்களை மனைவியிடம் கொடுக்கவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பாள். ஆபீஸ் டிராயரில் இருக்கின்றன.

இந்த வருடத்து ஃபார்ம்

அதற்குப் பிறகு எந்தப் பழுதையும் கண்ட அன்றே சரிசெய்துவிடுகிறேன். அதனால் மறுபடியும் ஒன்றும் நடக்காத ஆளாகிவிட்டேன். இந்த வருடம் "கற்ற பாடம்" கட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். பழுது எனக்கு இரண்டு மாதம் முன்பே தெரியும், வேண்டுமென்றே விட்டுவைத்தேன், குடோனில் ஒரு மணி நேரம் நடித்தேன், ஒரு மனிதர் தன் மகள் வளைகாப்புக்குப் போக முடியவில்லை என்று எதையும் விடவில்லை. "அடுத்த ஆண்டு இலக்கு" கட்டத்தில், "ஏழுமலையை நேரில் பார்த்து உண்மையைச் சொல்வேன்" என்று எழுதி அனுப்பினேன்.

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எச்.ஆர். போனுக்காகக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஃபார்ம் திரும்பி வந்தது. ரேட்டிங் மூன்று. கீழே ரகுராமன் எழுதியிருந்தார்:

"நல்ல முன்னேற்றம். இதே போல் தொடரவும்."

என் ஒப்புதலை யாரும் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டியவர் ஏழுமலை, அவருக்கு எங்கள் ஃபார்மில் கட்டம் கிடையாது. குடோன் கேட்டில் கேட்டால் அவர் நம்பர் கிடைக்கும். இன்னும் கேட்கவில்லை. கிளவுட் கற்றுக்கொள்வதை எழுதியதுபோல இதையும் ஆறு வருடம் எழுதிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.