எல்லைக்கோட்டைக் கடந்த தலையணை

இக்குறிப்பில் நான் நேரிற் கண்டவற்றையும், பிறர் சொல்லக் கேட்டுப் பின்னர் உரியவரிடமே உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். ஓரிடத்தில் ஊகத்தை விலக்க இயலவில்லை. அதை ஊகம் என்றே குறித்திருக்கிறேன். இது நடையழகுக்காக மேற்கொண்ட கட்டுப்பாடு அன்று. சரிபார்த்துவிட்டதாக நான் நம்பிய ஒரு செய்தியால் என் அக்கா கோடைதோறும் தன் சொந்த வீட்டில் உறங்க முடியாமற் போனாள். அதை அறிந்தபின் சரிபாராத சொல்லை எழுதும் துணிவு எனக்கு இல்லை.

கட்டடங்களை மதிப்பிடுவது என் தொழில். விலையை அன்று. ஒரு கட்டடத்துக்காக வெட்டிய கல், அதைச் சுமந்து வந்த வண்டி, சூளையில் எரிந்த எரிபொருள், குடியிருப்போர் செலவிடும் மின்சாரம், ஒருநாள் இடித்துக் கொட்டப்போகும் இடிபாடு என அதன் வாழ்நாள் முழுவதிலும் சுற்றுச்சூழலுக்கு நேரும் தீங்கைக் கணக்கிட்டுச் சொல்லுவேன். இக்கணக்கில் முதல் வேலை எல்லைக்கோடு வரைவது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தொடங்குமுன்னரே முடிவு செய்துவிட வேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பது எவ்வளவு பெரிதாயினும் கணக்கில் இல்லை.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. முருகைக்கல்லால் கட்டியது, கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைத் துண்டுகளுக்கு இங்கே அதுதான் பெயர். இன்று அவற்றை எடுப்பது குற்றம். அன்று தோணியில் வந்து இறங்கின. வீடு அக்காவுக்கும் எனக்கும் பொதுவானது. ஒருவர் இசையாமல் மற்றவர் இடிக்கவோ கட்டவோ முடியாது. அதில் குடியிருப்பவர்கள் அக்காவும் அத்தானும். நான் துறைமுகச் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், அறைக்கு அறை குளிரூட்டி வைத்து வாழ்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். பழைய வீட்டை இடித்துவிட்டுச் சிறியதாக ஒரு கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள வேண்டும். சுவர்கள் உப்புப் பூத்து உதிர்கின்றன, அத்தானுக்கு மூச்சிரைப்பு. பக்கத்து மனையில் மாடிகள் எழுந்து கடற்காற்றை மறித்துவிட்டன. நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். படித்த தம்பி கணக்கைப் பார்த்துச் சொல்லுவான் என்று அவளும் காத்திருந்தாள்.

கணக்கைப் போட்டேன். புதிய வீட்டுக்குச் சிமெண்டும் கம்பியும் பெருஞ்சுமையாய் நின்றன. பழைய வீட்டின் முருகைக்கல்லுக்கு நேரே சுழியம் எழுதினேன். என்றோ முடிந்த தீங்கை இன்றைய கணக்கில் ஏற்றுவதில்லை என்பது எங்கள் துறையின் வழக்கம். குடியிருப்புக் காலத்துக்கு மின்கட்டண அட்டையை வாங்கிப் பார்த்தேன். மழைக்காலத்தைவிடக் கோடையில் மின்சாரம் குறைவாகவே செலவாகியிருந்தது. தூத்துக்குடியில் அப்படி ஒரு வீடு இருக்க முடியுமா என்று எந்த மாணவனும் கேட்டிருப்பான். எனக்கோ அது முருகைக்கல்லின் மாண்புக்குச் சான்றாகத் தோன்றியது. இடிப்பது பெருந்தீங்கு என்று அக்காவிடம் அறிவித்தேன். பின்கட்டு அறைக்கு மட்டுமாவது தாழ்வான உட்கூரை போட்டுக் குளிரூட்டி வைக்கலாமா என்று கேட்டாள். பழமை கெட்டுவிடும் என்றேன்.

அதன்பின் அவ்வீடு என் உரைகளில் உதாரணமாயிற்று. சென்ற பங்குனியில், பயிற்சிக்கு வந்திருந்த இளம் பொறியாளர்களை ஒரு பிற்பகல் அங்கே அழைத்துச் சென்றேன். எதிர்வீடு அத்தானுடைய தங்கையின் வீடு. அவர் எலுமிச்சைச் சாறு கலந்து எடுத்து வந்து, அக்காவுக்கு உதவியாக நின்றார். நான் சுவரின் கனத்தைத் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் கேட்டாள், இரவிலும் இப்படித்தான் குளிர்ச்சியாக இருக்குமா என்று.

“ராத்திரிக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. வெயில் காலத்துல நாங்க இங்கன படுக்கதே இல்ல. எதுத்த வீட்டுல ஏசி இருக்கு, அங்கன போயிருவோம்.”

சாற்றுத் தட்டோடு நின்ற நாத்தனார் அதை விடவில்லை, அண்ணியாகிய அக்காவைப் பார்த்துச் சொன்னார். “மைனி, எங்க வீட்டு மீட்டரையும் அந்தக் கணக்குல சேத்துக்கிடச் சொல்லுங்க ஒங்க தம்பிய. கோடையில அது ஒங்களுக்கும் சேத்துல்லா ஓடுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தைக் கனத்த சுவர் இரவில்தான் வெளிவிடும் என்பதை அன்று காலைதான் அவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருந்தேன்.

அவர்கள் வண்டியேறியதும் குசினிக்குப் போனேன். அக்கா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குற்றம் அவளுடையது போல ஒலித்தது என் குரல்.

“நீ கேக்கலயேலே. கரண்டு எவ்வளவு ஓடுதுன்னு கேட்ட, அட்டைய எடுத்துத் தந்தேன். எங்கன படுக்கேன்னு கேட்டியா?”

பின்னர் அறிந்ததையும் எழுத வேண்டும். கோடை இரவுகளில் அக்கா தலையணையை இடுக்கிக்கொண்டு தெருவைக் கடப்பாள். அத்தான் பின்னால் வருவார். “தலையணை வந்துட்டு, பொறத்தால மைனி வாராவ” என்று நாத்தனார் வாசலில் நின்று சொல்லுவாராம். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். இடம் தந்தவர் அவர், அவரை நான் எப்படிக் குறை சொல்ல? ஆனால் அந்த வேடிக்கைக்குப் பிறகு அக்கா தலையணையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோகத் தொடங்கினாள். பையை அவளே எனக்குக் காட்டினாள். நான் வரைந்த எல்லைக்கோடு எங்கள் வீட்டு வாசற்படியோடு நின்றிருந்தது. அவள் அதை இரவுதோறும், பிறர் காணாதபடி ஒரு பையோடு கடந்திருக்கிறாள்.

இடித்துவிடலாம், கையெழுத்திடுகிறேன் என்றேன்.

“இப்பமா?” என்றாள். “இடிக்கிற தூசியில ஒங்க அத்தான் தாங்குவாவளாலே?”

அவளுக்குப் பின்கட்டு அறை போதும் என்றாள். உட்கூரை போட்டு, கதவிடுக்குகளை அடைத்து, குளிரூட்டி பொருத்தினோம். வேலை சில நாட்களில் முடிந்தது. அவள் முதலில் கேட்டபோதே முடிந்திருக்கும். இந்தக் கோடையில் இருவரும் தம் வீட்டிலேயே உறங்குகிறார்கள். மின்கட்டணம் ஏறியிருக்கிறது. அவ்வீட்டைப் பற்றி நான் இப்போது எங்கும் பேசுவதில்லை.

ஊகம் என்று நான் முன்னர் சொன்னது இது: என் பெருமை குலைய வேண்டாம் என்றே அக்கா இத்தனை காலம் வாய் திறவாதிருந்தாள்.

அறியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு மின்சாரத்தில் அக்காவின் இரவுகளுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே இடிக்க வேண்டாம் என்ற என் முடிவு சரியா பிழையா என்பது எனக்குத் தெரியாது. சுழியம் எழுதிய கற்கள் எந்தத் தீவின் அருகிலிருந்து வெட்டப்பட்டன என்பதும், அங்கே இப்போது என்ன எஞ்சியிருக்கிறது என்பதும் தெரியாது. புதிய வீடு அன்றே எழுந்திருந்தால் அத்தானின் மூச்சு இன்று எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. அதை அக்காவிடம் நான் கேட்கவில்லை.