மட்கார்டில் போட்ட ‘உ’

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் தாய்மாமா வாடகை சைக்கிள் கடை போட்டபோது எனக்கு ஐந்து வயது இருக்கும். அப்பா இறந்து, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா கழற்றி வைத்திருந்த தாலிச் சரடுதான் அந்தச் சைக்கிள்களாக மாறியது. ஆனாலும் தாயும் மகளும் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற பேச்சு தெருவில் ஓயவில்லை. அது காதில் விழுகிற நாட்களில் அம்மா பாதிச் சோற்றிலேயே எழுந்துவிடுவாள்.

வாடகை சைக்கிளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். மட்கார்டில் ஒரே எழுத்து, தூரத்தில் வரும்போதே இன்னார் கடை வண்டி என்று தெரிய வேண்டும் என்றார் மாமா. பெயிண்டர் வந்து, தகரத்தில் சாக்பீஸால் மாமா பெயரின் முதல் எழுத்தை வரைந்து காட்டினார்.

“‘கோ’ போட்டா கோபுரமாட்டம் நிக்கும்ணே. இந்தாண்ட கொம்பு, அந்தாண்ட காலு.”

“‘உ’ போடு” என்றார் மாமா.

“ஊரு பேரா?”

“அப்டிதான் வச்சிக்கோயேன்.”

பெண் பார்க்கப் போனவர்கள்கூட மாமா அளவுக்குக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். சாய்த்துப் போட்டால் விழப்போகிற மாதிரி இருக்கிறதாம். நிழல் வைத்துப் போட்டால் சினிமாக் கொட்டகை போர்டாம். கடைசியில் நிமிர்ந்து நிற்கிற தடித்த எழுத்துதான் மாமாவுக்குப் பிடித்தது. நிறத்துக்கு வந்தால் அது இன்னொரு பஞ்சாயத்து. கறுப்பும் சிவப்பும் போட்டால் கட்சிக்காரன் வண்டி என்பார்கள். மஞ்சள் என்றதும் மாமா பதறினார்: “கடைய தொறக்கறதுக்குள்ள மஞ்சக் கடுதாசி குடுக்க சொல்றியா?” நான் ரோஸ் கேட்டேன். பெயிண்டர் அதைப் பல்பொடிக் கலர் என்று தள்ளிவிட்டார். மாமா வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்து, “நீ சொல்லு பாப்பா” என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அம்மா பாப்பாதான். அவள், “நீலம் நல்லாருக்கும்ணா” என்றாள். அப்பா போன பிறகு அவள் தனக்கென்று ஒரு நிறம் சொன்னது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பின் மட்கார்டில் நீலப் பட்டை, அதில் வெள்ளை ‘உ’. ஐப்பசி மழை வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஏரிக்கரைப் பாதையில் போய்வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கடை வாசலிலேயே கத்தினார்.

“இன்னாப்பா, புள்ளையார் சுழிய போட்டு அதும்மேல சேத்த வாரி அடிக்க வுட்டுக்கினு கீற! நானு அதுக்கு மேல வேற ஒரு ஆள குந்த வச்சிக்கினு வந்தேன். குடும்பம் வெளங்குமா?”

பேச்சு பரவிவிட்டது. சுழிமேல் உட்கார மாட்டோம் என்று ஆட்கள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். சரடு கொடுத்தவள் வாடகைக்குப் போகாமல் நின்ற வண்டிகளைத் தினமும் எண்ணிப் பார்த்தாள். பெயிண்டர் திரும்ப வந்து, “பேசாம ‘கோ’ போட்டுக்கலாம்ணே, வேல முடிஞ்சிச்சி” என்றார்.

“உன் எழுத்தயே போட்டுக்கோண்ணா. யாரு இன்னா கேக்கப் போறாங்க” என்றாள் அம்மாவும்.

“நானு கேப்பேன்” என்றார் மாமா.

எழுத்து மாறவில்லை, இடம்தான் மாறியது. வட்டத் தகரங்கள் வெட்டி, அதே நீலம், அதே ‘உ’, ஹேண்டில்பாருக்குக் கீழே முன்னால் கட்டினார்கள். ஏறுவதற்கு முன் ஆட்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புள்ளையார் சைக்கிள் என்று பெயரே வந்துவிட்டது. அதைக் களவாட எவனுக்கும் மனம் வரவில்லை. மாமா யாரையும் திருத்தவில்லை. அம்மா தினமும் காலையில் கடைக்குப் போய், பழந்துணியால் ஒவ்வொரு தகரமாகத் துடைப்பாள். எழுத்தின்மேல் மட்டும் விரல் மெதுவாகப் போகும். என்ன பக்தி என்று நான் நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு அவள் பாதிச் சோற்றில் எழுந்ததில்லை.

அந்தச் சைக்கிள்கள் ஓடித்தான் நான் படித்தேன். மாமாவை நினைத்தால் இன்றும் கை தானாகக் குவிகிறது. ஆனால் கும்பிட வேண்டியது எதற்கு என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் அம்மா பெயரைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு “பாப்பா” என்றேன். அவர் சிரித்தார். அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, “உண்ணாமலைங்க” என்றாள்.

நான் ஆச்சரியத்தோடு அவளை அண்ணாந்து பார்த்தேன். மாமா கடை எழுத்திலேயே அம்மாவுக்கும் பெயர் வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே பெருமை.