அப்பா படத்துக்குப் போட்ட கண்ணாடி

பளிச்சென்று துடைத்த கண்ணாடியைப் பார்த்தால் இன்றைக்கும் அதில் ஏதாவது புள்ளி இருந்ததா என்று தேடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மெட்ராஸில், ஒரு பல்கலைக்கழக வானியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஒரே ஒரு நட்சத்திரம்தான் என் வேலை. அதன் வெளிச்சம் கூடும், குறையும். எந்த நாளில் எவ்வளவு என்று அளந்து வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அப்போதெல்லாம் வானத்தைக் கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிப்போம். தகட்டின் ஒரு பக்கம் மருந்துப் பூச்சு இருக்கும். அதில் நட்சத்திரங்கள் கறுப்புக் கறுப்பாகப் பதிந்திருக்கும். புள்ளி பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் ஈ உட்கார்ந்த அழுக்கு என்பார்கள்.

என் நட்சத்திரம் ஒருநாள் வழக்கத்தை மீறிப் பிரகாசித்திருந்தது. அதற்கு ஒரே தகடுதான் சாட்சி. லென்ஸ் வைத்து ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பேராசிரியரிடம் ஓடினேன். நிதானமாக மூன்று தடவை அளந்து பார், அது சரியாக இருந்தால் உன் ஆய்வேடு முடிந்த மாதிரி என்றார். எனக்கோ உதவித்தொகை முடிய ஆறு மாதம்தான் இருந்தது. அதற்குள் முடிக்காவிட்டால், களை பறித்து என்னைப் படிக்க வைத்த அம்மாவிடம் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும்.

தகடுகள் துறையை விட்டு வெளியே போகக்கூடாது. அது சட்டம். எனக்குத் திமிர். பொங்கல் லீவில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அளந்துவிடலாம் என்று, யாரிடமும் சொல்லாமல் அந்தத் தகட்டையும் ஒப்பிட இன்னும் இரண்டையும் நூல் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அரியலூர் வரை ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன். கீழப்பழுவூர் பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன். என்னது அது என்று அம்மா கேட்டாள். காலேஜ் சாமான், உனக்குப் புரியாது என்று சொல்லிப் பரணில் வைத்தேன்.

போகியன்று வரைபடத்தாள் வாங்க அரியலூர் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தால், சுண்ணாம்பு அடித்து வீடே பளபளவென்று இருந்தது. செத்துப்போன அப்பாவின் படத்தில் ரெண்டு வருஷமாகக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இப்போது முழுக் கண்ணாடி மின்னியது. அழகாக இருக்கிறதே என்று நானே சொன்னேன், பாவி. கண்ணாடி ஏது என்று அப்புறம்தான் கேட்டேன்.

"நீ கொண்டாந்ததுதான். மூணுல எது ரொம்ப அழுக்கோ அதை எடுத்துக்கிட்டேன், நல்லது ரெண்டையும் உனக்கு வச்சுட்டேன். லேசுல போவல அந்தப் புள்ளி. சோடா உப்புப் போட்டு வெந்நீர்ல ஊற வச்சு அழுத்தித் தேய்ச்சேன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

தொலைநோக்கியை நிறைய நேரம் திறந்து வைத்து எடுத்த தகட்டில்தான் புள்ளிகள் நிறைய விழும், மூன்றில் அப்படி எடுத்தது ஒன்றுதான். ரொம்ப அழுக்கான தகடு என்றால் அந்த நாளின் தகடேதான். பரணிலிருந்து மற்ற இரண்டையும் இறக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று கத்தினேன். நாலு வருஷமாக நான் என்ன செய்கிறேன் என்பதை அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னேன், அதுவும் திட்டிக்கொண்டே. அம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. படத்தை இறக்கி, ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எங்கெங்க புள்ளி இருந்துச்சுன்னு சொல்லு ஆத்தா. நான் வச்சுத் தரேன்."

இருபத்தோரு புள்ளிக் கோலத்தைப் பார்க்காமல் போடுகிறவள் அவள். நிஜமாகத்தான் கேட்டாள். நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. மறுநாள் பொங்கலுக்கு அவள் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. கண்ணாடியைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ரயிலில் நோட்டைத் திறந்தேன். அந்தத் தகட்டை ஒருமுறை பார்த்திருக்கிறேனே. பக்கத்துப் புள்ளியைவிட எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஞாபகம் இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்தேன். பென்சிலால் ஓர் எண்ணை எழுதினேன். வரைபடத்தில் அதற்குரிய இடத்தில் ஒரு புள்ளியும் வைத்தேன். அளந்த பிறகு பஸ்ஸில் தகடு உடைந்துவிட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"தகட்டைக் கொடும்மா. நானும் ஒருதரம் பாத்துடறேன்."

பொய் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். "அது நான் வச்ச புள்ளி சார்" என்றுதான் வந்தது. கேட்டு அவரைவிட எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. பரண், வெந்நீர், சோடா உப்பு என்று ஒன்று விடாமல் கொட்டினேன். தகட்டை எடுத்துப் போனதற்குச் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவர் ரப்பரை என் பக்கம் தள்ளினார். நானே அழித்தேன்.

நான் பார்த்திருந்த காலம் வரை அந்த நட்சத்திரம் மறுபடி அப்படிப் பிரகாசிக்கவில்லை. ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதில் அந்த நாள் மட்டும் காலியாக இருக்கிறது.

அடுத்த லீவுக்குப் போனபோது, ரயிலில் நான் செய்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்பறம் ஏன் என்னைப் பாத்து அப்புடிச் சிரிச்ச?" என்று கேட்டாள்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடி கட்டிலுக்கடியில் பழந்துணியில் சுற்றியபடியே கிடந்தது, எனக்குத் தேவைப்படும் என்று அவள் பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துத் துடைத்து, அப்பா படத்தில் நானே பொருத்தி ஆணி அடித்தேன்.