டிவிக்குப் பின்னால் நின்று பார்த்த நாடகம்

போன வாரம் என் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். திரையில் யாரோ ஒரு பெண், அவளும் தேம்பிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் இல்லை.

"நாடகம் எங்கடி?"

"நாடகம் இதுல வராதும்மா. அவங்க நாடகம் பாக்கறாங்க. அவங்க அழறத நாம பாக்கணும்."

வேலையற்ற வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? ஒரு நாடகத்தைப் பார்க்காமல், பார்த்தவர்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றவள் நான். அதையும் டிவிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அந்தக் காலத்து டிவியின் பின்பக்கம் எப்படி மணக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சூடேறிய தூசியும் மரப்பெட்டியின் வார்னிஷும் கலந்து ஒரு வாசம் வரும். எனக்கு அது பழக்கமான வாசம்தான். அப்போது நான் எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகக் கம்பி ஒட்டும் வேலை. எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடியில் இருந்தது. கொடிமலை பக்கத்திலேயே எழும்பி நிற்பதால் படம் ஒழுங்காக வராது. திரையில் அரிசியைக் கொட்டியதுபோல் ஆகிவிடும். டிவியின் தலையில் இருக்கும் ஆண்டெனாக் கம்பியை யாராவது பிடித்துக்கொண்டு நின்றால் தெளியும். அந்த யாராவது எப்போதும் நான்தான். "பேக்டரிக்காரி கை, கரண்டுக்குப் பழகுன கை. நீயே புடி" என்பார் அப்பா. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. சம்பளத்தைத் தவிர அந்தப் பேக்டரி எனக்குக் கொடுத்த ஒரே பட்டம் அதுதான்.

வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் தமிழ் நாடகம் போடுவார்கள். அந்த வருடம் வந்ததைத் தாமான் நாடகம் என்றே எல்லாரும் சொன்னோம். கோலாலம்பூருக்கு வெளியே வரிசை வீடுகள் நிற்கும் ஒரு தாமானில் நாலு குடும்பங்களின் கதை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு முட்டிவலி, பக்கத்து வீட்டுக்காரன் காடியைக் குறுக்கே நிறுத்தும் சண்டை. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் எங்கள் மாடியில் ஒரு வீட்டிலும் சமையல் நடக்காது. காரணம், மூலை வீட்டு இளம் மனைவியாக வந்தது என் அக்கா கோமதி.

அக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கோயில் கலைவிழாவில் மேடை ஏறியவளை யாரோ பார்த்துவிட்டு டிவிக்கு அழைத்துக்கொண்டார்கள். படப்பிடிப்பு என்றால் அப்பாவும் அவளும் பட்டர்வொர்த் போய்க் கோலாலம்பூருக்கு ரயில் ஏறுவார்கள். அப்பாவை ஸ்டூடியோவுக்குள் விடமாட்டார்கள்; வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருப்பார். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவைப்பது நல்லது. பிற்பாடு அம்மா அவரைத்தான் குடைந்து குடைந்து கேட்டாள்.

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தார். சொந்த ஊர் நிபோங் திபால். பட்டர்வொர்த்தில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை. அப்பா இல்லாத பிள்ளை. அவர் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் தோட்டத்து லோரி கவிழ்ந்து போய்விட்டார். அம்மாக்காரி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே படிக்கவைத்தார். நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று ஆகிவிட்டது. டிவியில் வருகிற மருமகள் என்று சம்பந்தியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தாராம். அக்காவும் மாப்பிள்ளையும் அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது ஒரு முறை, தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் இன்னொரு முறை. அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு அக்கா வீட்டில் தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். நான் கிண்டல் செய்தால் தலையணை பறந்து வரும்.

"அடுத்த வாரம் எனக்கு ஒரு அழற சீன் இருக்கு" என்று அக்கா சொன்னதும், சம்பந்தி வீட்டாரை அழைத்து ஒன்றாகப் பார்ப்போம் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். அழுகிற காட்சி என்றால் மாமியார் திட்டி அழுவதாக இருக்கும் என்று நினைத்தாள் போல. அக்காவும் அதற்குமேல் விவரம் சொல்லவில்லை. அவளுக்கு அது வேலை. நன்றாகச் செய்த வேலை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

வந்தார்கள். பஸ் ஏறி, பெரிக் கப்பல் ஏறி, மறுபடியும் பஸ் ஏறி, ஒரு கூடை ரம்புத்தானோடு சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அப்போதுதான் தீவுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் நடுவே தூண்கள் நிற்பதைப் பெரியிலிருந்து பார்த்தோம் என்று சம்பந்தியம்மா கண்ணை விரித்துச் சொன்னார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் ரொக்கியாவும் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே உட்காரக் கூடாது என்று அக்காவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். துணித் திரைக்குப் பின்னால் அவள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் என் இடத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்தேன்.

ஆகவே நடந்ததை நான் காதால்தான் கேட்டேன். நாடகத்தில் அக்காவின் புருசனாக வரும் மூலை வீட்டுக்காரன் லோரி ஓட்டுகிறவன் என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டுகிற சத்தம், யாரோ தயங்கித் தயங்கிப் பேசுகிற சத்தம், பிறகு அக்காவின் குரல். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கத்தவில்லை. "எழுந்திருங்க. சோறு போட்டுட்டேன். எழுந்திருங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அந்த அழுகை வெடித்தது. வளையல் உடைகிற சத்தம் கேட்டது.

எனக்கு முன்னால் முகங்கள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பொட்டை அழிக்கிறார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அப்பா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மாக்சிக், "கசியான்... கசியான்..." என்று முணுமுணுத்தபடி தலைத்துணியால் கண்ணைத் துடைத்தார். ஐயோ பாவம் என்பதை அவர் பாஷையில் சொல்கிறார். சம்பந்தியம்மா எல்லாரையும்விட அதிகமாக அழுதார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முடிந்ததும் மாக்சிக் நேராக அடுப்படிக்கு ஓடி, மாவுக் கையோடு நின்ற அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மாவும் போனார். அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அப்படியே இருந்துச்சும்மா. அன்னிக்கு எனக்கு அப்படியேதான் இருந்துச்சு" என்றார். வடை சாப்பிட்டார்கள். கடைசிப் பஸ்ஸுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆயர் ஈத்தாமே துக்கம் விசாரித்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு தாத்தா, "வீட்டுக்காரன் போய் ஒருநாள்கூட ஆகல, அதுக்குள்ள வேலைக்குப் போறியா புள்ள?" என்று கோபித்துக்கொண்டார். பாசாரில் கறிகாய் விற்கிற பெண் ஒருத்தி கண்ணீர் விட்டாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்லா!" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்குச் சிரிப்பாய் வந்தது. ஆனால் தினமும் கேட்காமலே மல்லிகையைக் கிள்ளி நீட்டும் பூக்காரம்மா அன்று கையை நீட்டவில்லை. அக்கா கேட்ட பிறகுதான் கொடுத்தாராம், அதுவும் முகத்தைப் பார்க்காமல். அதையும் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா தனியாக வந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"உங்க பொண்ணு மேல ஒரு கொற சொல்லமாட்டேன்மா. தங்கமான புள்ள. ஆனா அன்னிக்கு அவ அழுததுல நான் என் வீட்டுக்காரர பாக்கல. என் மவன பாத்தேன். கட்டையா கெடந்தான். இனிமே அவ என் வாசல்ல வந்து நின்னா எனக்கு அதான் தெரியும். நான் ஒரு தடவ பட்டது போதும்."

"அது நடிப்புதானேம்மா" என்றாள் அம்மா. கெஞ்சினாள்.

"நடிப்பா இருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன்லா. அது நடிப்பு இல்ல."

அந்த அம்மாவை என்னால் இன்றுவரை வெறுக்க முடியவில்லை. அழுதுகொண்டேதான் படியிறங்கிப் போனார். ஆனால் ஒன்று தோன்றும். அக்கா கொஞ்சம் மோசமாக நடித்திருக்கலாம். கோயில் மேடையில் மற்றப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவார்களே, அப்படி அழுதிருந்தால் போதும். தை மாதம் அவள் கழுத்தில் தாலி ஏறியிருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், யார்மேல் என்றுதான் தெரியாது.

மாப்பிள்ளை தாய் சொல்லைத் தட்டவில்லை. அடுத்த வருடமே வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அக்கா ஸ்டூடியோவுக்குப் போவதை நிறுத்தினாள். மூலை வீட்டுப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகக் கதையை மாற்றிக்கொண்டார்கள். அப்பா டிவிமேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். வந்த ஒன்றிரண்டு வரன்களும் "அந்த டிவி பொண்ணா?" என்ற கேள்வியோடு நின்றன. பிறகு வரன் வருவதும் நின்றது. எங்கள் வீட்டில் அந்த மாப்பிள்ளையின் பேரை யாரும் சொன்னதில்லை. அக்கா ஓய்வு பெறும்வரை தட்டச்சு செய்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னோடு வந்து தங்கினாள். என் மகளைத் தூக்கி வளர்த்தது அவள்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மகள் பெரியம்மா நடித்த நாடகத்தைத் தேடிப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். யார் யாரிடமோ விசாரித்தாள். அந்தக் காலத்தில் டேப்புக்குப் பஞ்சம். ஒளிபரப்பானதும் அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னாராம். அக்கா கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"யாராச்சும் ஒன்னோட சொந்த மனுசன நெனச்சுக்கோன்னு டைரக்டர் சொன்னாருடி. நான் அவரத்தான் நெனச்சேன்."

இன்னொரு துணியை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "நீ பின்னாலதானே நின்ன? எல்லார் மொகமும் தெரிஞ்சிருக்கும். அவரு அழுதாரா?"

நாற்பது வருடம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சொன்னேன். இல்லைக்கா, அவரு அழல. டிவியவே பாக்கல. நீ அழ ஆரம்பிச்சதும் தலைய அடுப்படிப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. வளையல ஒடச்சப்போ எழுந்து ரெண்டு அடி வந்து, திரைய லேசா வெலக்கிப் பாத்தாரு. நீ முதுக காட்டிக்கிட்டு வடைய திருப்பிக்கிட்டு இருந்த. அத கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு. அப்பறம் மூச்ச விட்டுட்டு வந்து ஒக்காந்துட்டாரு. முடியற வரைக்கும் அந்தத் துணித் திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அக்கா மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன். அதற்குப் பிறகும் பல நாள் கேட்டாள். மழை பெய்தால் கேட்பாள், தூக்கம் வராவிட்டால் கேட்பாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயை விலக்கிக்கொண்டு கேட்டாள். நான் சொல்லி முடித்தபோது தூங்கிப்போயிருந்தாள்.

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களில் அம்மா இல்லை, அப்பா இல்லை, மாக்சிக் இல்லை. சம்பந்தியம்மா போய் வெகுகாலம் ஆகிறது. மாப்பிள்ளை எங்கே இருக்கிறாரோ தெரியாது. அக்கா அழுததை அக்காவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் மழை பெய்தால், யாரும் கேட்காமலே, வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.